கேதீஸ்வரனின் கழுத்து

கேதீஸ்வரன் பொலிகண்டிக் கரையில் பிறந்தவன். அங்கே பாறையைத் தாண்டிவிட்டால் கடலுக்கு அடி தேட முடியாது. நங்கூரம் கல்லில் மாட்டினாலும், வலை எங்காவது சிக்கினாலும், படகின் விளிம்பில் ஒரு காலை வைத்துத் தலைகீழாகப் பாய்வதுதான் அந்தக் கரைக்காரரின் வழக்கம். மற்றவர்கள் வாசற்படி இறங்குவதுபோல் கேதீஸ்வரன் கடலுக்குள் இறங்குவான்.

உதயகலாவைக் கட்டிக்கொண்டு கொழும்புத்துறைக்கு வந்தபோது அவனுக்கு வாய்த்தது வேறு விதமான கடல். யாழ்ப்பாண நகரின் ஓரத்தில் விரிந்து கிடக்கும் கடல்நீரேரி. ஊரவர்கள் பரவைக்கடல் என்பார்கள். முதல் நாள் படகைத் தள்ளிக்கொண்டு வெகுதூரம் நடந்தும் தண்ணீர் இடுப்புக்கு மேலே ஏறவில்லை.

“இதெல்லாம் ஒரு கடலே? மாடு குளிப்பாட்டிற குளமெல்லோ!” என்று கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

யாரும் கோபிக்கவில்லை. அவன் வாயிலிருந்து வந்தால் எதுவும் பகிடியாகப் போய்விடும். ஆள் பனங்குற்றி மாதிரி. குரல் அதைவிடப் பெரிது. காலையில் கரைக்கு வந்து அவன் யாரையாவது கூப்பிட்டால், தேவாலயத்துப் பக்கத்து வீடுகளிலும் ஆட்கள் எழும்பிவிடுவார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ‘குளம்’ என்று சொன்னாலும் அந்தக் கடலின் தொழிலை ஒரு வருடத்துக்குள் பிடித்துக்கொண்டான். நண்டு வலைக்குப் போனான். கூட வருவதற்கு ஜெனிஸ் கிடைத்தான். அவன் அந்தக் கரையிலேயே பிறந்தவன், கேதீஸ்வரனைவிட ஐந்தாறு வயது இளையவன், அதிகம் பேசாதவன். ஒருவன் பேச, ஒருவன் கேட்க, இரண்டு பேரும் ஒரே படகில் எட்டு வருடம் தொழில் செய்தார்கள்.

பேச்சு மட்டுமல்ல, விளையாட்டும் இருந்தது. வலை இழுத்துக் களைத்த நேரங்களில் கேதீஸ்வரன் தண்ணீரில் விழுந்து, மூச்சை அடக்கி, முகம் குப்புறப் பிணம்போல் மிதப்பான். முதல் தடவை ஜெனிஸ் பதறிப்போய்ப் பாய்ந்தான். பிறகு பழகிவிட்டது.

சோளகக் காற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில் அது நடந்தது. கடல் வற்றாக, தண்ணீர் வடிந்து கிடந்தது. வலையின் ஒரு தலைப்பு எதிலோ சிக்கிக்கொண்டது. ஜெனிஸ் எஞ்சினை நிறுத்தினான். கேதீஸ்வரன் முதல் நாள் பார்த்த கரப்பந்தாட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டே சட்டையைக் கழற்றினான். அந்தக் கதை முடிவதற்குள் படகு நீரோட்டத்தில் கொஞ்சம் நகர்ந்திருந்தது. நகர்ந்த இடத்தில் தண்ணீருக்கடியில் ஒரு மணல் திட்டி. கலங்கல் தண்ணீரில் அது தெரியவில்லை. விளிம்பில் காலை வைத்தான், பாய்ந்தான்.

உச்சந்தலையில் ஒரு மொத்து விழுந்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான். வலி இல்லை. வீட்டில் மின்சாரம் நின்றதுபோல் உடம்பு முழுக்க ஒரேயடியாக அடங்கிப்போனது.

முகத்துக்குக் கீழே சாதாளைக் கடற்புல் மெல்ல அசைந்தது. ஒரு சின்ன நண்டு மணலைக் கிளறிக்கொண்டு போனது. எழும்பு என்று தன் கைகளுக்குச் சொன்னான். கைகள் கண்ணுக்கு முன்னால்தான் மிதந்தன. ஆனால் வேறு யாருடைய கைகளோ போல் இருந்தன. திரும்பு என்று உடம்புக்குச் சொன்னான். உடம்பு கேட்கவில்லை. மூச்சை அடக்குவது ஒன்றுதான் அவன் வசம் மிஞ்சியிருந்தது. அதை அடக்கினான்.

படகில் ஜெனிஸ் வலையை நேராக்கிக்கொண்டிருந்தான். “காணும் அண்ணை, எழும்புங்கோ. வலை கிழியப்போகுது” என்றான். இன்னொரு தரம் கூப்பிட்டான். பிறகுதான் கைகளைக் கவனித்தான். விளையாடும்போது கேதீஸ்வரன் விரல்களை விறைப்பாக வைத்திருப்பான். இப்போது அவை தண்ணீர் போன பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தன.

ஜெனிஸ் குதித்தான். தண்ணீர் அவனுக்கு இடுப்பளவுதான். ஓடிப்போய் அவனைப் புரட்டினான். கேதீஸ்வரன் இருமி, தண்ணீரைத் துப்பி, வானத்தைப் பார்த்தான்.

“டேய்... என்ரை கை எங்கையடா?”

“இஞ்சைதான் அண்ணை. நான் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறன்.”

“எனக்குத் தெரியேல்லை.”

ஜெனிஸ் அவனை அக்குளில் பிடித்துப் படகில் ஏற்றப் பார்த்தான். தலை பின்னால் சரிந்தது. இரண்டு கைகளிலும் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலித்தது, கேதீஸ்வரன் கத்தினான். கத்தியது அவன் எண்ணம் மட்டும்தான். வாயிலிருந்து வந்தது ஒரு முனகல். நெஞ்சு விரிய மாட்டேன் என்றது. தன் குரல் தனக்கே கேட்காமல் போன அந்தக் கணத்தில்தான் அவனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

ஜெனிஸ் உடனே அவனைத் திரும்பத் தண்ணீரில் கிடத்தினான். தண்ணீர் தாங்கும்போது வலி இல்லை என்பதை அவன் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான். பிறகு அவன் வேறெதுவும் செய்யவில்லை. கேதீஸ்வரனின் தலையை இரண்டு முழங்கைகளுக்கும் நடுவில் அசையாமல் பிடித்துக்கொண்டு, வெயில் உச்சிக்கு ஏறும்வரைக்கும் அப்படியே நின்றான். வாழ்க்கையில் அதிகம் பேசாத ஜெனிஸ் அன்றைக்குத்தான் ஓயாமல் பேசினான். தன் தங்கையின் கல்யாணம், எஞ்சின் பழுது, வேளாங்கண்ணி மாதாவுக்கு வைத்த நேர்த்திக்கடன், எல்லாம்.

பாசையூர்ப் படகொன்று அந்தப் பக்கம் வந்தது. அதிலிருந்த இரண்டு பேரும் படகின் தரைப்பலகையைக் கழற்றித் தண்ணீருக்குள்ளேயே அவனுக்கு அடியில் செருகினார்கள். இடுப்பில் கட்டியிருந்த சாரங்களை அவிழ்த்துச் சுருட்டித் தலைக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்தார்கள். வலைக்கயிற்றால் பலகையோடு சேர்த்துக் கட்டினார்கள். அவர்கள் தொலைபேசியில் சொல்லியிருந்தபடியால் கரையில் அம்புலன்ஸ் காத்து நின்றது. வந்தவர்கள் கழுத்துக்குப் பட்டி போட்டார்கள், ஆனால் அந்தப் பலகையிலிருந்து அவனை இறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளும் அவன் அந்தப் பலகையோடுதான் போனான்.

அதன்பிறகு அவனுக்கு உலகம் என்பது கூரைதான். நெடுங்கூரை, விளக்கு, மின்விசிறி. மனிதர்கள் எல்லாரும் தலைகீழாக வந்து எட்டிப் பார்த்தார்கள். உதயகலா வந்தாள். அவள் கண்ணீர் அவன் நெற்றியில் விழுந்தது. நெற்றிக்கு அது தெரிந்தது. நெஞ்சுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

பிற்பகலில் மூளை நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். டொக்டர் ஜெயசுதன். மெலிந்த, நடுத்தர வயது மனிதர். காலைப் பக்கம் போய் நின்றார்.

“நான் உங்கடை கால் விரலொண்டைப் பிடிச்சிருக்கிறன். தெரியுதோ?”

கேதீஸ்வரன் கண்ணை மூடினான். எங்கோ வெகு தூரத்தில், அடுத்த ஊரில் நடப்பதுபோல், ஏதோ ஒன்று இருந்தது.

“பெருவிரல்.”

“எந்தக் கால்?”

“இடது.”

“மேலை வளைக்கிறனோ, கீழை வளைக்கிறனோ?”

“கீழை.”

டொக்டர் தலைமாட்டுக்கு வந்தார். அவர் முகத்தில் இருந்த மாற்றத்தை, தலைகீழாகப் பார்த்தாலும், கேதீஸ்வரன் கண்டுகொண்டான்.

“விளக்கமாச் சொல்லுங்கோ டொக்டர். நான் பயப்பிடமாட்டன்.”

அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கழுத்தில் ஏழு எலும்புகள் இருக்கின்றன, அதில் ஐந்தாவது நொருங்கிவிட்டது, ஒரு துண்டு பின்னால் தள்ளுப்பட்டு முண்ணாணை நெரித்துக்கொண்டிருக்கிறது என்றார். முண்ணாண் என்றால் மூளையிலிருந்து முதுகெலும்புக்குள்ளால் இறங்குகிற நரம்பு வடம். கைகால்களுக்குச் செய்தி போவதும் வருவதும் அந்த வழியால்தான்.

“வடம் அறேல்லை. நசிஞ்சு கிடக்குது. விரல் தெரியுறபடியாத்தான் சொல்லுறன். முன்பக்கத்தாலை கழுத்தைத் திறந்து, நொருங்கின எலும்பை எடுத்துப்போட்டு, உங்கடை இடுப்பெலும்பிலை ஒரு துண்டு வெட்டி அந்த இடத்திலை வைச்சு, தகடும் ஆணியும் போட்டு இறுக்க வேணும். நாளைக்குக் காலமையே செய்ய வேணும். நசிஞ்சு கிடக்கிற நேரம் கூடக்கூட எங்கடை வாய்ப்புக் குறையும்.”

“செய்தா நடப்பனோ?”

“அது எனக்குத் தெரியாது. செய்யாட்டி என்ன நடக்குமெண்டு தெரியும்.”

ஆபத்துகளையும் அவர் மறைக்கவில்லை. மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒதுக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். குரல் கொஞ்சக் காலம் அடைக்கலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். வடம் இன்னும் மோசமாகலாம். உயிருக்கும் ஆபத்து உண்டு.

பின்னேரம் பொலிகண்டியிலிருந்து அண்ணன் கதிரவேலு வந்து சேர்ந்தார். தகப்பன் இல்லாத குடும்பத்தில் தகப்பனுக்குச் சமமானவர். விஷயத்தைக் கேட்டதும் உதயகலாவைப் பிடித்துக்கொண்டார்.

“கழுத்திலை கத்தி வைக்க விடப்போறியோ பிள்ளை? முறிஞ்சதெண்டா முறிவு வைத்தியப் பரியாரியிட்டைக் கொண்டுபோய் மூலிகைப் பத்துப் போடுவம். இல்லாட்டி இந்தியாவுக்குக் கொண்டு போவம். குரல்வளையை வெட்டினா ஆள் மிஞ்சுமோ?”

உதயகலா அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்றும் எதிர்க்கவில்லை. “அவரையே கேளுங்கோ அண்ணை. அவருக்கு வாய் இருக்குதுதானே” என்றாள்.

கேதீஸ்வரன் கட்டிலில் கிடந்தபடியே எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். மூச்சு மூச்சாகத்தான் அவனால் பேச முடிந்தது.

“அண்ணை... நீங்கள்தானே என்னை முதல் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனது. அண்டைக்கு என்ன சொன்னனியள்? படகிலை ஏறினாப் பிறகு அதை ஓட்டுற தண்டையலுக்குப் புத்தி சொல்லக்கூடாதெண்டு. இஞ்சை தண்டையல் அந்த டொக்டர். எனக்கு அவரைப் பிடிச்சிருக்குது. தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுறார்.”

கதிரவேலு தம்பியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, “அப்பிடியெண்டா நான் மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்த்தி வைக்கிறன்” என்றார். அவருடைய சம்மதம் அந்த வடிவத்தில்தான் வந்தது.

காலையில் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது கேதீஸ்வரன் மனைவியைப் பார்த்து, “அழாதை கலா. நான் போட்டு வாறன்” என்றான். கடலுக்குப் போகும்போது சொல்லும் அதே தோரணை.

சத்திரசிகிச்சை முடியப் பின்னேரமாகிவிட்டது. டொக்டர் வெளியே வந்து உதயகலாவிடமும் கதிரவேலுவிடமும் பேசினார். நுணுக்குக்காட்டியால் பார்த்துப் பார்த்து எலும்புத் துண்டுகளை எடுத்தோம், கடைசித் துண்டு விலகியதும் நசிந்திருந்த இடம் மெல்ல நிமிர்ந்து துடிக்கத் தொடங்கியது, அதைக் கண்ணால் கண்டோம் என்றார். இனி அந்த வடம் என்ன செய்யுமோ அதைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

கேதீஸ்வரனுக்கு நினைவு திரும்பியபோது தொண்டைக்குள் குழாய் இருந்தது. அது எடுபட்ட பிறகும் குரல் இல்லை. காற்று மட்டும் வந்தது. டொக்டர் காலடியில் நின்று, “இடது பெருவிரலை ஆட்டுங்கோ” என்றார். அவனால் குனிந்து பார்க்க முடியாது. தன்னால் இயன்றதைச் செய்துவிட்டு உதயகலாவின் முகத்தையே பார்த்தான். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் அசைந்தது என்பதை அதை வைத்துத்தான் அறிந்தான்.

ஜெனிஸ் பார்க்க வந்தான். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணை, நான் பகிடியெண்டு நினைச்சுக்கொண்டு நிண்டிட்டன்.”

கேதீஸ்வரன் காற்றுக்குரலில் சொன்னான்: “நான் அவ்வளவு நல்லா நடிச்சிருக்கிறன். அது என்ரை பிழையடா. பிறகு நீ பிடிச்ச பிடியாலைதான் வடம் அறேல்லையெண்டு டொக்டர் சொல்லுறார். போய் வலையைப் பார்.”

ஜெனிஸ் வேறொருவனைக் கூட்டிக்கொண்டு தொழிலுக்குப் போனான். கேதீஸ்வரன் மீண்டு வரும்வரை அந்தப் படகு கரையில் கிடக்கவில்லை.

மீண்டு வருவது அவன் நினைத்ததுபோல் இருக்கவில்லை. முதல் தடவை நிமிர்த்தி இருத்தியபோது கண் இருண்டு மயங்கிச் சரிந்தான். சோற்றை உதயகலா வாயில் தீத்த வேண்டும். சிறுநீருக்குக் குழாய். வலது கை விரல்கள் மடிந்து நண்டுக்கால்போல் இறுகிக்கொண்டன. ஒரு நாள் சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டான். நாற்பது வயது ஆண்பிள்ளைக்கு மனைவி குழந்தைக்குத் தீத்துவதுபோல் தீத்துவதை அடுத்த கட்டில்காரர் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. உதயகலா கோப்பையை வைத்துவிட்டு, “நான் தீத்தாம இந்த ஊரிலை வேறை ஆர் தீத்துறது? சொல்லுங்கோ, கூட்டிக்கொண்டு வாறன்” என்றாள். அடுத்த கட்டில்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தான்.

உடற்பயிற்சி கொடுக்க வந்த பெண்ணின் பெயர் கோபிகா. வட்டுக்கோட்டைப் பிள்ளை. சிரித்த முகம், இரக்கமில்லாத கைகள். “அண்ணை, நோகுதெண்டாச் சொல்லுங்கோ, நிப்பாட்டுறன். ஏலாதெண்டு மட்டும் சொல்லாதேங்கோ” என்பாள். விரல்களுக்காக ஒரு இறப்பர்ப் பந்தைக் கொடுத்தாள். அவன் இரண்டு நாள் அமத்திப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, இது குழந்தையளின்ரை சாமான். கிழிஞ்ச வலையும் வலை ஊசியும் கொண்டுவரச் சொல்லட்டோ?” என்று கேட்டான். அவள் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். ஜெனிஸ் ஒரு துண்டு நண்டு வலையைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தான். அப்படியும் மீன் மணம் போகவில்லை என்று தாதிமார் மூக்கைச் சுளித்தார்கள். வலையின் ஒரு கண்ணை முடிய முதலில் ஒரு காலைப்பொழுது போனது. அவன் முடிந்ததெல்லாம் கோணல். ஆனால் விரல்களுக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. இடது கை முதலில் வழிக்கு வந்தது. வலது கை பின்னால் வந்தது, முழுதாக வரவில்லை.

சிறுநீர்க் குழாயை எடுத்த அன்று அவன் தானாகப் போனான். அந்தச் செய்தியை உதயகலா தொலைபேசியில் கதிரவேலுவுக்கு, பிள்ளை பிறந்த செய்திபோல், சொன்னாள். பிறகு வெட்கப்பட்டாள்.

குரல் திரும்பிய விதம் வேடிக்கையானது. ஒரு மத்தியானம் கோபிகா அவனை நடைச் சட்டத்தைப் பிடித்து நிற்கவைத்துவிட்டு ஒரு கணம் மறுபக்கம் திரும்பினாள். முழங்கால் மடங்கியது. “தங்கச்சீ!” என்று அவன் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி விடுதியின் மறு கோடியிலிருந்த நோயாளிகளும் எழும்பி இருந்தார்கள். கோபிகா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். விழப்போனதை அவன் மறந்துவிட்டான். “கேட்டியோ? கேட்டியோ?” என்று அவளையே கேட்டுக்கொண்டு நின்றான்.

வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் பயிற்சி நடந்தது. சட்டத்திலிருந்து ஊன்றுகோலுக்கு மாறினான். வடைமாலை சாத்தப் போன நாளில் கோயிலைச் சுற்றித் தன் காலாலேயே நடந்தான். கதிரவேலு பின்னால் கையை விரித்துக்கொண்டே, குழந்தை நடை பழகும்போது வருவதுபோல் வந்தார். சுற்றி முடித்ததும், தம்பியின் கழுத்துத் தழும்பை முதல் தடவையாகக் கிட்டப் பார்த்தார். கழுத்து மடிப்போடு மடிப்பாக ஒரு சின்னக் கோடு.

“இவ்வளவுதானே? இதுக்குத்தானோ நான் அண்டைக்கு அவ்வளவு சத்தம் போட்டனான்?”

“கத்தி கூரெண்டா வெட்டுத் தெரியாது அண்ணை” என்றான் கேதீஸ்வரன்.

கடலுக்குத் திரும்புவதுதான் கடைசிப் பிரச்சினை. கையால் வலை இழுக்க முடியாது. எஞ்சின் கயிற்றைச் சுண்டி இழுக்க முடியாது. அதை அவன் ஏற்றுக்கொண்டான். ஆனால் எஞ்சின் பிடியை இடது கையால் பிடித்துப் படகை ஓட்டலாம் என்றான். கடைசிப் பரிசோதனையில் டொக்டரிடம் கேட்டான். அவர் புதிய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடுப்பிலிருந்து போன எலும்பு கழுத்தோடு ஒட்டி ஒன்றாகிவிட்டிருந்தது.

“இருந்துகொண்டு ஓட்டுறதெண்டாப் பரவாயில்லை. பெரிய அலையிலை போகக்கூடாது. பாயிறது...”

“அது வேண்டாம் டொக்டர். அந்த ஆசை தீந்துபோச்சு.”

உதயகலா தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தாள். உயிர்காப்பு அங்கி போடாமல் படகில் கால் வைக்கக்கூடாது. அந்தக் கரையில் யாரும் அதைப் போடுவதில்லை. போட்டால் சிரிப்பார்கள். செம்மஞ்சள் நிற அங்கியோடு, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, விடிந்த கையோடு அவன் இறங்கி வந்தபோது சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். “கலியாண மாப்பிளை வாறான், வழி விடுங்கோ!” என்று அவனே அவர்களுக்கு முந்திக் கத்தினான். ஜெனிஸும் இன்னொருவனும் அவனைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். ஜெனிஸ் கயிற்றை இழுத்தான். எஞ்சின் பிடித்தது. கேதீஸ்வரன் இடது கையால் பிடியைத் திருப்பினான், படகின் மூக்கு மெல்லத் திரும்பித் தெற்கே பார்த்தது. உதயகலா கரையில் நின்று, படகு ஒரு புள்ளியாகும்வரை பார்த்தாள். அன்று நண்டு அதிகம் படவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்கவுமில்லை.

இப்போது அவன் கிழமையில் நாலு நாள் தொழிலுக்குப் போகிறான். வலது கையின் இரண்டு விரல்கள் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. குளிர் நாட்களில் தோளில் எரிவு வரும். நீண்ட தூரம் நடக்க ஊன்றுகோல் வேண்டும். தகடு இருக்கிற கழுத்து பக்கவாட்டில் பாதிதான் திரும்பும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவன் நிற்பான், ஊன்றுகோலை மாற்றி வைப்பான், முழு உடம்போடும் மெதுவாகத் திரும்புவான், அதன் பிறகுதான் யார் என்று பார்ப்பான். விஷயம் தெரியாத புது ஆட்கள் அதைக் கண்டு, ஆர் உவர், பத்துப் படகு வைச்சிருக்கிற பெரிய சம்மாட்டி போலக் கிடக்குது என்று ஜெனிஸிடம் விசாரிப்பதுண்டு. ஜெனிஸ் ஓம் என்று மட்டும் சொல்லுவான்.